நின்ற வண்டி எப்படி நகரும்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

"நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்" என்பது நம் பழமொழி. கற்றவன் அடங்கியிருப்பான், அரைகுறையாய்க் கற்றவன் ஆர்ப்பரிப்பான் என்று தமிழாசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுவர். அதை மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இதை முதன்முதலில் சொன்னவர் புலவராக இருந்திருக்க முடியாது, இடுப்பில் குடம் சுமந்து வரப்பில் நடந்த ஒரு பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த உண்மை, பன்னிரண்டு டன் குடத்தைச் சக்கரத்தின் மேல் வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டுகிற நமக்கு ஏன் மறந்துபோயிற்று? இதுவே என் வினா.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு. ஐப்பசி மழை. என் தந்தையார் ஓர் ஒப்பந்தக்காரரிடம் பால் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகச் சென்று குளிர்விப்பு மையங்களில் பால் ஏற்றிவருவது அவர் வேலை. பாதிச் சுற்று முடிந்து, பாதித் தொட்டிப் பாலுடன் பெரம்பலூருக்குள் வந்தபோது, முன்னே ஒரு மொபெட்டில் பெரியவர் ஒருவர் நின்றார். அப்பா முன்கூட்டியே பிரேக்கை மிதித்து, ஓர் அடி இடைவெளி விட்டு வண்டியை நிறுத்திவிட்டார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்தார். நின்ற வண்டி, யாரும் தொடாமல், முன்னே நகர்ந்தது. மொபெட் சாய்ந்தது. பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

கூடிய கூட்டம் அப்பாவை அடித்தது. வண்டியின் சொந்தக்காரர் வந்து கேட்ட கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது: "நின்ன வண்டி எப்படிய்யா நகரும்? குடிச்சிருந்தியா?" என் தந்தையார் குடிப்பவர் அல்லர். "பால் தள்ளிடுச்சுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பாதி பிடிக்கப்பட்டது. நானும் அன்று அவரை முழுமையாக நம்பினேன் என்று சொன்னால் அது பொய்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டு இயந்திரவியல் வகுப்பில் விரிவுரையாளர் ஓடமும் மனிதனும் பற்றிய கணக்கை நடத்தினார். அசையாத நீரில் ஓர் ஓடம். அதன் ஒரு முனையில் நிற்பவன் மறு முனைக்கு நடக்கிறான். ஓடம் அவனுக்கு எதிர்த்திசையில் நகர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து எந்த விசையும் இல்லாதபோது மொத்த நிறைமையம் இடம் மாறாது என்பதே காரணம். வகுப்பில் அனைவரும் எழுதிக்கொண்டனர். எனக்கு மட்டும் கை ஓடவில்லை. ஓடம் எங்கள் பால் வண்டி, நடப்பவன் பால் என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்தக் கணக்கை இங்கே சொல்ல அனுமதியுங்கள். எளிமைக்காக உருண்டைத் தொட்டிக்குப் பதில் நீள்சதுரப் பெட்டி ஒன்றைக் கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2 மீட்டர். அதில் சரிபாதி, அதாவது 1 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீர். எடை 12 டன். ஓட்டுநர் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகம் குறையுமாறு பிரேக்கை மிதிக்கிறார். இது திடீர்ப் பிரேக் அன்று, நிதானமான பிரேக்தான். அப்போதும் நீரின் மேற்பரப்பு ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் முன்புறம் ஏறிவிடும். முன்சுவரில் நீர்மட்டம் 1 மீட்டரிலிருந்து 1.6 மீட்டராகும். பின்சுவரில் 40 சென்டிமீட்டராக வடியும். நீரின் நிறைமையம் 60 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். அச்சுகளுக்கு இடைத்தூரம் 4 மீட்டர் என்றால், பின்சக்கரங்களிலிருந்து 1.8 டன் பாரம் முன்சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. யாரும் ஏற்றாத 1.8 டன்!

இது நீர் அமைதியாகச் சாய்ந்து நின்றால் உள்ள கணக்கு. நீர் அமைதியாகச் சாய்வதில்லை. ஊஞ்சலைப் போல் நிலைக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். திடீரென்று மிதித்தால் ஏறத்தாழ இரு மடங்கு தூரம் பாயத் துடிக்கும், தொட்டியின் கூரையையே முட்டும். இந்த ஊஞ்சலின் ஒரு முழு ஆட்டத்திற்கு மேற்சொன்ன தொட்டியில் 4 விநாடிகள் ஆகும். எனவே பிரேக்கில் கால் வைத்த 2 விநாடி கழித்துத்தான் நீரின் பெருந்தள்ளல் வந்து சேரும். ஓட்டுநர் "வண்டி கட்டுக்குள் வந்துவிட்டது" என்று மூச்சு விடும் நேரம் அது.

இனி மொபெட்டுக்கு வருவோம். வண்டி நின்றுவிட்டது. நீர் இன்னும் முன்சுவரில் குவிந்து நிற்கிறது. பிரேக் பிடித்திருக்கும்வரை அது சுவரைத் தள்ளித் தோற்கும். காலை எடுத்தவுடன் வண்டி ஓடமாகிவிடுகிறது! 12 டன் நீர் 60 சென்டிமீட்டர் பின்னே இறங்கினால், 8 டன் எடையுள்ள வெற்று வண்டி எவ்வளவு முன்னே போகும்? பன்னிரண்டை அறுபதால் பெருக்கி, மொத்த எடையாகிய இருபதால் வகுக்க வேண்டும். விடை 36 சென்டிமீட்டர். சமதரையில், சக்கர உராய்வைக் கணக்கில் கொள்ளாமல், ஓர் அடிக்கு இரண்டு விரற்கடை அதிகம். அப்பா விட்டிருந்த இடைவெளி ஓர் அடி.

அன்று மாலை விடுதி அறையில் இந்தக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் 36 வந்தது. அதன்பின் வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

வண்டி நிற்கும் தூரத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. பாரம் கூடினால் வண்டி நிற்க அதிகத் தூரம் ஆகும், பாரம் குறைந்தால் சட்டென்று நிற்கும் என்று நினைக்கிறோம். சூத்திரம் அப்படிச் சொல்லவில்லை. பாரம் கூடினால் நிறுத்த வேண்டிய உந்தம் கூடுகிறது என்பது சரியே. ஆனால் சக்கரம் சாலையைப் பற்றும் உராய்வும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் அடிபட்டுப்போக, நிறை என்பதே விடையில் இல்லை. வேகத்தின் இருமடியும் உராய்வுக் குணகமும்தான் மிஞ்சுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, உராய்வுக் குணகம் 0.6 உள்ள சாலையில், சக்கரம் பற்றக்கூடிய அளவு முழுவதையும் பயன்படுத்தினால் ஏறத்தாழ 24 மீட்டரில் நிற்கும். லாரியின் பிரேக் நிறைந்த பாரத்துக்கென்றே அமைக்கப்பட்டது. ஆகவே சில வேளைகளில் வெறும் லாரிதான், சக்கரம் துள்ளியும் பூட்டிக்கொண்டும், நிறைந்த லாரியைவிடத் தள்ளிப்போய் நிற்கும். (அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் பிரேக் சூடேறித் தளர்ந்துவிடும் என்பது வேறு செய்தி. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் சென்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

அப்படியானால் திரவம் என்ன செய்கிறது? நிற்கும் தூரத்தை அது நீட்டும் வழி வேறு. அந்த 24 மீட்டரைப் பயன்படுத்தவே அது ஓட்டுநரை விடுவதில்லை. அழுத்தி மிதித்தால் நீர் முன்னே பாய்கிறது, பின்சக்கரம் பாரமிழந்து பூட்டிக்கொள்கிறது, வண்டியின் பின்பகுதி விசிறிபோல் திரும்பிவிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க இக்காலத்து வண்டிகளில் ஏ.பி.எஸ். உண்டு. தொட்டிக்குள் இருக்கும் நீரை அது தடுக்காது. ஆகவே அறிந்த ஓட்டுநர் மெல்லத்தான் மிதிப்பார். முன்சொன்ன நிதானமான பிரேக்கில், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 69 மீட்டர் ஆகும். கண் கண்டு கால் மிதிக்கும் ஒன்றரை விநாடியில் ஓடிவிடும் 25 மீட்டரையும் கூட்டினால் 94 மீட்டர். மற்ற வண்டிக்கு 49 மீட்டர் போதும் என்ற இடத்தில் பாதி நிறைந்த டேங்கருக்கு ஏறத்தாழ இரு மடங்கு சாலை வேண்டும்.

அந்தச் சாலையை யார் அவருக்குக் கொடுக்கிறார்கள்? டேங்கருக்கு முன்னால் வெற்றிடம் கண்டால் நம் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் அதில் நுழையாவிட்டால் உறக்கம் வராது. கல்லூரிக்கு இருசக்கர வாகனத்தில் வரும் நண்பர்களே, நீங்களும் இதற்கு விலக்கல்லர். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலையைப் பாருங்கள். அவர் விட்ட இடைவெளி சோம்பலால் விட்டதன்று.

விடுமுறைகளில் நான் அப்பாவுடன் கிளீனராகச் சென்றிருக்கிறேன். "முழு லோடு ஒரு பேச்சு, காலி வண்டி ஒரு பேச்சு. பாதி வண்டிக்குத்தான் தம்பி ரெண்டு பேச்சு. அத நம்பக் கூடாது" என்பார். அப்போது விளங்கவில்லை. நிறைந்த தொட்டியில் நீருக்கு ஓட இடமில்லை, அது கல்லைப் போன்றது. வெற்றுத் தொட்டியில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. இடைப்பட்டதுதான் ஆபத்து. பால் வண்டியின் தலைவிதியோ அந்த இடைப்பட்ட நிலைதான். காலையில் வெறுமையாகப் புறப்பட்டு, ஒவ்வோர் ஊராகக் கால், அரை, முக்கால் என்று நிறைந்து, கடைசி ஊரில்தான் அது நிறைகுடமாகும். தண்ணீர் டேங்கருக்கு இது தலைகீழ். கோடையில் நம் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் டிராக்டர் இழுத்துவரும் தண்ணீர்த் தொட்டி, தெருத் தெருவாகக் குடங்களில் ஊற்றி ஊற்றிக் குறைகுடமாகிக்கொண்டே செல்கிறது. அந்த டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பிரேக்கே இல்லை. பின்னால் குழந்தைகள் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

எல்லாத் திரவமும் ஒன்றுபோல் கூத்தாடுவதில்லை. எறையூர்ச் சர்க்கரை ஆலைப் பக்கம் மொலாசஸ் எனும் கழிவுப்பாகு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் காணலாம். பாகு தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். எடை வரம்பைத் தாண்டக் கூடாதென்றால் தொட்டியை முழுக்க நிரப்ப முடியாது, மேலே இடம் காலியாகவே இருக்கும். கேட்கவே அச்சமாக உள்ளதன்றோ? ஆனால் பாகின் பிசுப்பு அதைக் காப்பாற்றுகிறது. தூக்குவாளியில் நீர்மோர் கொண்டுபோனவருக்கும் கெட்டியான கம்பங்கூழ் கொண்டுபோனவருக்கும் இந்த வேற்றுமை தெரியும். சிமெண்ட் தூள் ஏற்றும் பல்கர் லாரியும் தோற்றத்தில் டேங்கர்தான். எனினும் ஓட்டத்தில் தூள் படிந்து கிடக்கும், காற்றைச் செலுத்தி இறக்கும்போதுதான் நீர்போல் ஓடும். பாலும் தண்ணீருமே, தீங்கறியாத முகத்துடன், நன்றாகத் தளும்புகின்றன.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. தொட்டியைக் குறுக்கே பிரித்தால் போதும். முன்சொன்ன 6 மீட்டர் தொட்டியை இரண்டு மீட்டராக மூன்று அறைகள் ஆக்குங்கள். நிறைமையம் 60 சென்டிமீட்டருக்குப் பதில் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். மூன்றாகப் பிரித்தால் மூன்றில் ஒன்றாகக் குறையும் என்று எண்ணினேன், ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது! நீளத்தின் இருமடியைப் பொறுத்தது அது. முழுச்சுவர் வைக்க இயலாவிட்டால் துளையிட்ட தடுப்புத் தட்டிகள் வைக்கலாம். நீர் துளைவழியே முண்டிக்கொண்டு போவதற்குள் அதன் வேகம் செத்துவிடும். பெட்ரோல் வண்டிகளில் அறைகள் உண்டு. சமையல் எரிவாயு வண்டிகளில் தட்டிகள் உண்டு. எரிவாயு சூட்டில் விரிவடையுமாதலால் தொட்டியில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு மேல் திரவம் நிரப்பக் கூடாது. எனவே அது என்றும் நிறைகுடமாக முடியாது, தட்டி இல்லாமல் தீராது. பால் தொட்டிக்கு மட்டும் ஓர் இடையூறு. தட்டியின் மூலை முடுக்குகளில் பால் தங்கிப் புளித்துவிடும், கழுவ இயலாது. ஆகவே உலகெங்கும் பால் தொட்டிகளின் உட்புறம் பெரும்பாலும் தட்டியில்லாமல் வழவழப்பாகவே இருக்கிறது. வேண்டுமானால் தனித்தனி அறைகளாகப் பிரிப்பர். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பட்டறையில் இரண்டு இரும்புத் தகட்டைக் கூடுதலாக வைத்துப் பற்றவைக்கும் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள், அவ்வளவே. தகடுகள் முன்பின் ஆட்டத்தைத்தான் தடுக்கும், வளைவில் வரும் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கா என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

விண்வெளி அறிஞர்களும் இந்தக் கூத்தில் சிக்கியவர்கள்தாம். 1957 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணை ஒன்று, உள்ளிருந்த எரிபொருள் தளும்பியதால் கட்டுப்பாட்டை இழந்து அழிந்தது. 2007இல் ஃபால்கன் 1 ராக்கெட்டின் இரண்டாம் பயணமும் தளும்பலால் கெட்டது. அதற்குப்பின் தொட்டியில் தட்டி வைத்தார்கள். ராக்கெட் பொறியாளர் பட்டபோது ஆய்வு நடந்தது. டேங்கர் ஓட்டுநர் பட்டபோது "குடிச்சிருந்தியா" என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆம் விதி, அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியின் ஓட்டுநர் மூன்று நாள் தனிப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. பெட்ரோலும் எரிவாயுவும் அமிலமும் அதில் அடங்கும். 2025 சனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் ஒன்று கவிழ்ந்தபோது அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, பல மணி நேரம் போராடிக் கசிவை அடைத்தார்கள். அத்தகைய வண்டிக்கு அந்த அக்கறை வேண்டியதே. ஆனால் சட்டம் திரவத்தைப் பார்க்கும் பார்வை எது? கொட்டினால் என்ன ஆகும் என்று மட்டுமே பார்க்கிறது. கொட்டாமல் உள்ளேயே இருக்கும்போது அது என்ன செய்யும் என்று பார்ப்பதில்லை. பால் தீப்பற்றாது, தண்ணீர் நஞ்சன்று. எனவே அவற்றை ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. மணல் லாரி ஓட்டும் உரிமம் இருந்தால் போதும், மறுநாள் பால் டேங்கரில் ஏறி உட்காரலாம். அமெரிக்காவில் அப்படியில்லை. பெருந்தொட்டி வண்டி ஓட்ட விரும்புபவர் அதற்கெனத் தனித்தேர்வு எழுதி உரிமத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பால்தானே, தண்ணீர்தானே என்று பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தில் முதன்மையானது, நின்றபின்னும் வண்டியை முன்னே தள்ளக்கூடிய இந்தத் தளும்பல்தான்.

நம் நாட்டில் அதைச் செய்யத் தடை என்ன? மூன்று நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். தெர்மாகோல் பெட்டியும் வண்ண நீரும் போதும். கண்ணாடித் தொட்டியில் பாதி நீர் ஊற்றிச் சிறு தள்ளுவண்டியில் வைத்து இழுத்து நிறுத்திக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நொடியில் விளங்கும். நம் இயற்பியல் துறை ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம் என்று விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறேன். செய்யலாம் என்றிருக்கிறார். பால் எடுப்போரும் தண்ணீர் விநியோகிக்கும் ஊராட்சிகளும் தம் ஓட்டுநர்களை ஒரு நாள் அனுப்பினால் நாங்கள் மாணவர்களே செய்து காட்டுவோம். தண்ணீர்த் தொட்டிகளுக்குத் தட்டி கட்டாயம் என்பதைத் தகுதிச் சான்று வழங்கும்போதே பார்த்துவிடலாம். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

ஓட்டுநரை மட்டும் குறைசொல்லிப் பழகிவிட்டோம். தொட்டியை எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்தவர் அவரல்லர். எந்த ஊரில் எவ்வளவு ஏற்றுவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது என்று முடிவு செய்தவரும் அவரல்லர். "பால் புளிச்சா உன் சம்பளம்" என்று சொல்லி அனுப்புபவர் ஒருவர், சாலையில் அடி வாங்குபவர் மற்றொருவர்.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது அந்தக் கணக்குத் தாளை அப்பாவிடம் காட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் தெரியும், என் ஆங்கிலக் குறியீடுகள் தெரியா. வாயால் விளக்கினேன். ஓடக் கதையைக் கேட்டுச் சிரித்தார். 36 சென்டிமீட்டர் என்றதும் எழுந்துபோய்த் தையல் நாடாவை எடுத்துவந்து தரையில் அளந்து பார்த்தார். "ஆமா, இவ்வளவுதான். இவ்வளவுதான் போச்சு" என்றார். பிறகு, "நானும் அன்னிக்கு ஒரு தப்புப் பண்ணேன் தம்பி. பாதி லோடுன்னு தெரிஞ்சும் கால எடுத்தேன். பால் முன்னாடி முட்டிக்கிட்டு நிக்கும், அது எறங்கற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். அந்தப் பெரியவரின் மணிக்கட்டு சரியாகக் கூடியதா என்று அம்மா கேட்டார். அப்பா இரண்டு முறை அவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வண்டிக்குக் கிளம்பும்போது அந்தத் தாளைக் கேட்டார். "இதெல்லாம் வேணாம், தமிழ்ல எழுதிக் குடு" என்றார். எழுதிக்கொடுத்தேன். நான்காக மடித்து லைசென்ஸ் உறைக்குள் வைத்துக்கொண்டார். கிளீனர் பையனுக்குப் படித்துக்காட்டப் போவதாகச் சொன்னார்.